ஏழாவது கூடு

கந்தப்பளை கமநல சேவை நிலையத்தில்
நட்டஈட்டுப் படிவம் தந்தார்கள்.
மூன்று மொழியில் அச்சடித்தது.
தமிழுக்கு வரும்போது மை தீர்ந்திருக்கிறது.

முதலாவது கூட்டில் பெயர்.
முத்துசாமி கோகிலவாணி.
இரண்டாவதில் விலாசம்.
மேற்பிரிவு, பீலிப் பக்கத்து லயம், கடைசிக் காம்பிரா.
இப்படி எழுதினால் கடிதம் வருமா என்று கேட்டான்
வரிசையில் பின்னால் நின்ற மைக்கேல்ராஜ்.
வரும்.
தோட்டத்து ஆபீசில் ஒரு கிழமை உட்கார்ந்து
தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்.

பயிர்: கோவா, லீக்ஸ், கிழங்கு.
நட்டம் ஏற்பட்ட விதம்:
இதற்கு விட்டிருந்த இடம் ஒரு விரல் அகலம்.

எதை எழுத?
இனி உரம் கூடாது என்று
ஒரு ராத்திரியில் வர்த்தமானி வந்ததையா?
மண் நஞ்சாகிறது என்றார்கள் டீவியில்.
பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.
மருந்தடித்த கை தோலுரிந்து
சோறு பிசைய முடியாமல் இருந்தவள் நான்.
ஆனாலும்
பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கவே
வேப்பெண்ணெய் தடவி
ஒரு மாதம் அழவிட்டுப் பார்க்கிறோம்.
இருபது வருசம் யூரியா குடித்த மண்ணுக்கு
ஒரே ஒரு ராத்திரி.

லொறியில் சேதனப் பசளை என்று இறக்கினார்கள்.
மூட்டையைப் பிரித்தால்
பாதி குப்பை, ஒரு செருப்பு வார்,
யாரோ விளையாடிய போத்தல் மூடிகள்.
அந்தப் போகம் கோவா
என் கைமுட்டியளவுக்கு உருண்டு
அதோடு நின்றுகொண்டது.

பிறகு உரம் வந்தது. விலையும் கூடவே வந்தது.
தாலிக்கொடி போய் அடகுக்கடையில் இருந்தது.
சரி, கிழங்கு காப்பாற்றும் என்று
தோண்டுகிற கிழமை பார்த்துக் காத்திருந்தோம்.
கப்பலும் அதே கிழமை பார்த்து வந்தது.
வரியைக் குறைத்துவிட்டார்களாம்;
கொழும்பில் கறி மலிய வேண்டுமாம்.

கொழும்பில் என் தங்கச்சி இருக்கிறாள்.
வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமைக்கிறாள்.
அவளும் மலிந்த கிழங்கைத்தான் பொறுக்குவாள்.
அவளை நான் என்னவென்று திட்ட?

"கப்பல்" என்று மட்டும் எழுதினேன்.
இடம் அதற்குத்தான் போதுமாயிருந்தது.

ஏழாவது கூடு:
காணி உறுதி இலக்கம்.

திலகசிறி மாத்தயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:
காணி யாருடையது?
நாலாம் நம்பர் மலை, தேயிலை செத்துப்போன இடம்.
கல் பொறுக்கி வரம்பு கட்டியது நாங்கள்.
அதைக் கேட்கவில்லை. யாருடையது?
தோட்டத்துடையது.
தோட்டம்?
கம்பனியுடையது.
கம்பனிக்கு?
குத்தகைக்குத் தந்தது.
யார் தந்தது?

அவரே கேட்டுவிட்டு
அவரே நிறுத்திக்கொண்டார்.
பின்சுவரில் அரச இலச்சினை.
சிங்கம் வாளைப் பிடித்துக்கொண்டு
அந்தப் பக்கம் பார்த்தபடி நின்றது.

இதை வெறுமையாக விடுங்க, என்றார்.
வெறுமையாக விட்டால் காசு வருமா?
அவர் குரலைத் தாழ்த்தினார்.
"அக்கே, எனக்கும் வெலிமடையில் அரை ஏக்கர்.
உறுதி இருக்கு, நில அளவைப் படம் இருக்கு,
எல்லாக் கூடும் நிரப்பிக் கொடுத்தேன்.
போன வருசம்.
இந்த மேசையில் நானேதான் சீல் குத்தினேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
படிவத்தில் சீல் குத்தித்
துண்டைக் கிழித்துத் தந்தார்.
விதைக் கிழங்கு மிச்சம் இருக்கா
என்று கேட்டார்.

இருந்தது, அரை மூட்டை.
வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.
இருட்டுக்குள்ளேயே முளைத்துக் கிடந்தது,
ஊதா நிறத்தில், எலி வாயளவு முளைகள்.
துண்டை அரிசி டின்னுக்குள் வைத்தேன்.

வியாழக்கிழமை நட வேண்டும்.
மழை இறங்கினால் வெள்ளி.